தமிழெழுத்து எழுத்தன்றாம்!

தமிழெழுத்து எழுத்தே அன்று என்று ஒருவன் உங்கள் முகத்துக்கு நேரே சொல்வானாயின் என்செய்வீர்கள்? கடைத்தெருவிற் சொல்லியிருந்தால் கூட்டம் கூடியிருக்கும். மேடையிற் சொல்லியிருந்தால் மறுநாட் காலையிலேயே மறுப்புத்தாள் ஒட்டியிருப்போம். ஆனால் நாள்தோறும் நம் வீட்டுக்குள்ளேயே, நாம் பணங்கொடுத்து வாங்கிய கருவியின் வாயிலாகவே, இதனைச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். நாமோ வாய்திறவாமல் ஆங்கில எழுத்துக்கு மாறிக்கொண்டு, 'வேலை முடிந்தது' என்று எழுந்துபோகிறோம்.

சென்ற கார்காலத் தொடக்கத்தில், சேலையூரில் உள்ள என் வீட்டுக்குக் கண்ணாடியிழை வழியாக இணைய இணைப்புக் கேட்டேன். இணைப்புத் தரும் நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. தன் படிவத்தைத் திறன்பேசியிலேயே நிரப்பச் சொன்னது அந்நிறுவனம். பெயர் என்னும் கட்டத்தில் என் பெயரைத் தமிழில் இட்டேன். உடனே கட்டத்தின் கீழே சிவப்பு நிறத்தில் ஓர் ஆங்கிலத் தொடர் தோன்றியது. அதன் பொருள், 'எழுத்துகளை மட்டுமே இடுக' என்பது. பிழையாக அழுத்திவிட்டேனோ என்றெண்ணி மீண்டும் இட்டேன். மீண்டும் அதே விடை. முப்பதாண்டாக மாணவர்க்கு எழுத்திலக்கணம் நடத்தி வருபவன் நான். எழுத்து எது, எழுத்தல்லாதது எது என்று எனக்கு ஒரு படிவம் பாடஞ் சொல்லிற்று!

"ஆங்கிலத்துலயே போட்டுருங்க ஐயா, தமிழ எடுத்துக்காது" என்றார் வடம் இழுக்க வந்த தம்பி. தென்பாண்டிச் சீமையினர், நல்ல தமிழ் பேசினார். அவர்மேற் குற்றமில்லை. ஆனால் 'எடுத்துக்காது' என்றாரே, அந்தச் சொல்லே என்னை இதனை எழுதவைத்தது. எது எடுத்துக்கொள்ளாது? கருவியா? கருவிக்கு வெறுப்பும் இல்லை, விருப்பும் இல்லை. எடுத்துக்கொள்ளாதே என்று ஒருவன் அதற்குக் கட்டளை இட்டிருக்கிறான்.

நிரலில் எழுதிய ஒற்றை வரிதான் அக்கட்டளை. 'ஏ' முதல் 'இசட்' வரையுள்ள இருபத்தாறனையும், பெரியதாயினும் சிறியதாயினும் ஏற்க, மற்றவற்றைத் தள்ளுக. இவ்வளவே அவ்வரி. இதனை வெள்ளைக்காரன் வந்து எழுதவில்லை. தில்லியினின்று ஆள் வந்து எழுதவும் இல்லை. தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தோன்றிய ஏற்றுமதி வளாகம், தரமணியில் 2000-இல் திறந்த டைடல் பூங்கா, அங்கிருந்து சோழிங்கநல்லூர் கடந்து சிறுசேரி ஈறாக நீளும் கண்ணாடி மாளிகைகள், இவற்றுள் நிரல் எழுதுவோர் பல்லாயிரவர் நம் பிள்ளைகள். நம்மிடம் மணலில் விரலோட்டி அகரம் பயின்றவன், அங்கே குளிரறையில் அமர்ந்து, தன்னைப் பெற்றவளின் பெயரே செல்லாத படிவங்களை ஆக்கிக்கொண்டிருக்கிறான். யாரும் அவனை அடித்து எழுதச் சொல்லவில்லை. அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவே. தோன்றாமற் போனதுதான் கேடு.

செய்தித்தாள்களைப் பாருங்கள். இன்று செயற்கை அறிவு, நாளை வேறொன்று. நிரல்மொழி கல்லாத பிள்ளை பிழைக்காது என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். அதனைப் படித்த பெற்றோர் முதலிற் செய்வது யாது? பிள்ளையைத் தமிழ்வழியினின்று பெயர்த்தெடுப்பது! "கணிப்பொறிக்கு ஆங்கிலந்தானே ஐயா தெரியும்?" என்று என்னிடமே சொல்லி மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றோர் பலர். 2012-13-ஆம் கல்வியாண்டு தொடங்கி அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியபோதும் இப்பேச்சே எங்கும் கேட்டது.

இது பொய், அறியாமையிற் பிறந்த பொய். சி என்னும் நிரல்மொழிக்கு 1989-இல் வகுத்த சீர்மையில் அம்மொழிக்கென ஒதுக்கிய சொற்கள் 32. இன்றைய பைத்தானில் 35. சதுரங்கக் காய்களின் பெயர்களைப் போல இவை சில குறிகள். ஆங்கிலமும் அல்ல, ஆங்கில அறிவும் அல்ல. ஒரு மாலையில் மனப்பாடம் செய்யத்தக்க முப்பது சொல்லுக்காகவா ஒரு குழந்தையின் பன்னிரண்டாண்டுத் தாய்மொழிக் கல்வியைப் பறிப்பது? பைத்தானை 1991-இல் வெளியிட்ட கைடோ வான் ரோசம் இடச்சுக்காரர். பாசுகலை ஆக்கிய நிக்கலாசு விருத்து சுவிட்சர்லாந்தினர். சி பிளசு பிளசு மொழியைத் தந்த பியார்னே சுத்திரூசுத்துரூப் தென்மார்க்கினர். 1995-இல் வெளிவந்த உரூபி, சப்பானியராகிய மாட்சுமோட்டோவின் படைப்பு. இவருள் ஒருவர்க்கேனும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. பிரேசில் நாட்டுப் பல்கலைக்கழகத்தார் 1993-இல் ஆக்கிய நிரல்மொழிக்கு 'இலுவா' என்று தம் போர்த்துக்கீசிய மொழியிலேயே பெயரிட்டனர். நிலா என்று பொருள். உருசியாவிலோ, கடை கண்ணிகளின் கணக்கெல்லாம் எழுதும் '1சி' என்னும் மென்பொருளின் நிரல்மொழிக்குக் கட்டளைச் சொற்களே உருசிய மொழியில் உள்ளன. அங்குள்ள கணக்கன் ஆங்கிலம் கற்றபிறகா நிரல் எழுதுகிறான்?

நமக்கும் ஒன்று உண்டு. முத்து அண்ணாமலை என்னும் தமிழர் 2007 முதல் உருவாக்கி 2009-இல் உலகறியச் செய்த 'எழில்' என்பது தமிழ்க் கட்டளைச் சொற்களால் இயங்கும் நிரல்மொழி. பள்ளிப் பிள்ளைகள் நிரலாக்கம் பயிலவென்றே ஆக்கியது. 'அதைக் கொண்டு வேலை கிடைக்குமா?' என்று உடனே கேட்பார்கள். நடைவண்டியைக் காட்டினால், இதில் ஏறி மதுரைக்குப் போகலாமா என்று கேட்பார் போன்றோர் இவர்.

இனி என் பள்ளியில் நடந்தது ஒன்று. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியற் பாடத்தில் 2019 முதல் பைத்தான் உள்ளது; தமிழ்வழிப் பிள்ளைகள் தமிழிலேயே அதனைக் கற்கின்றனர். 2008-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு தொடங்கி, நிரலில் நாம் இடும் பெயர்களைத் தமிழெழுத்திலேயே இடலாம். அதனை அறிந்த மாணவி ஒருத்தி, செம்பாக்கத்திலிருந்து மிதிவண்டியில் வருபவள், ஒருநாள் என்னிடம் வந்தாள். "ஐயா, தமிழ் என்ற சொல்லில் எத்தனை எழுத்து?" என்றாள். மூன்று என்றேன். "கணினி ஐந்து என்கிறது ஐயா" என்றாள். மற்றொன்றும் செய்துகாட்டினாள். ஒரு சொல் முழுதும் எழுத்துகளால் ஆனதுதானா என்று கேட்கும் கட்டளை ஒன்று பைத்தானில் உண்டு. அதனிடம் 'தமிழ்' என்னும் சொல்லைக் கொடுத்தாள். 'பொய்' என்று விடை வந்தது. அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதன் வேரைத் தோண்டினால் நம் இலக்கணத்துக்கே வருகிறோம். யூனிகோடு எனும் ஒருங்குறியில் 1991 முதல் தமிழுக்குக் கிடைத்த இடவமைப்பு, இந்திய அரசு 1988-இல் வகுத்த பொதுக் குறியீட்டை அடியொற்றியது. அப்பொதுமை தேவநாகரி நெறிப்பட்ட பொதுமை! அதன்படி 'க' என்னும் உயிர்மெய்யே முதலெழுத்து. அதனொடு புள்ளியைச் சேர்த்து உள்ளிருக்கும் அகரத்தைக் கொன்றால் 'க்' பிறக்குமாம். தொல்காப்பியர் கண்டது இதற்கு நேர்மாறு. மெய்யே முதல், புள்ளி அதன் இயல்பு, உயிர் வந்து ஏறியபின்னரே 'க' தோன்றும். முன்பின்னாகப் புரட்டியதோடு அமையவில்லை. அப்பட்டியலில் நம் புள்ளிக்கு இட்ட பெயர் 'தமிழ்க்குறி விராமா'! ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அவ்வமைப்பின் நெறிமுறை. ஆகவே தமிழ்ப்புள்ளி சமற்கிருதப் பெயரோடு என்றும் கிடக்கும். 'தமிழ்' என்பதை எண்ணும்போது, த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாவதும், குறியும் புள்ளியும் எழுத்தல்ல என்று பைத்தான் தள்ளுவதும் இதனால்தான்.

மாற்று இல்லையா? உண்டு. உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் வகுத்த 'டேசு 16' என்னும் அனைத்தெழுத்துக் குறியீட்டைத் தமிழ்நாட்டரசு 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. ஒருங்குறியாளர் அதனைத் தம் பட்டியலில் ஏற்கவில்லை. அதே ஆண்டில் கிரந்த எழுத்துச் சிக்கல் எழுந்தபோது நாம் கொதித்தெழுந்தோம்; கொதித்ததும் சரியே. ஆனால் கிரந்தம் 2014-இல் தனியிடம் பெற்றுப் போனபின் நம் கொதிப்பும் அடங்கிற்று. நம் எழுத்தை எண்ணத் தெரியாத கணினியைப் பற்றிக் கொதிப்பார் எவரும் இலர். நல்ல வேளையாக, 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரற்றொகுதி ஒன்றைத் தமிழர் சிலர் ஆக்கி வைத்துள்ளனர். அதனைப் பைத்தானோடு சேர்த்துக்கொண்டால் 'தமிழ்' மூன்றெழுத்து என்று சரியாகவே எண்ணும். விலையில்லை. வேண்டுவது, நிரல் எழுதுவோன் அதனை நினைப்பது ஒன்றே.

ஊரார் குற்றம் போதும். நம் குற்றத்துக்கு வருகிறேன். உணர்வாளர் கூட்டங்களில் 'ரௌட்டர்' என்பதற்குத் திசைவியா, வழிச்செலுத்தியா என்று ஒரு மாலை முழுதும் வழக்காடுகிறோம். எதுவாயினும் ஆகுக! அந்தத் திசைவிக்கு இணைப்புக் கேட்கும் படிவத்தை எந்த எழுத்தில் நிரப்பினீர்கள் என்று கேட்டால் மேடையில் இருப்போரும் தலைகுனிவர். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டித் 'தமிழ் 99' விசைப்பலகையைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. இடக்கைக்குப் பன்னிரண்டு உயிர், வலக்கைக்குப் பெரும்பாலான மெய். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை அழுத்தினால் 'அம்மா' வரும். புள்ளி தானே வந்தமரும். ஆனால் தமிழாசிரியருள்ளும் எத்தனையோ பேர், 'ஏ, எம், எம், ஏ, ஏ' என்று ஆங்கிலத்தில் ஐந்து முறை தட்டி அன்னையை அழைக்கின்றனர்! தாயை அழைக்கவும் இடையில் ஒரு துவிபாசியா? (அவ்வடசொல்லை வேண்டுமென்றே இட்டேன், இந்நிலைக்கு அதுவே தகும்.) சிங்கப்பூர்த் தமிழாசிரியர் நா. கோவிந்தசாமி 1995-லேயே இணையத்தில் தமிழை ஏற்றிக் காட்டினார். பொறியியல் கற்றவரல்லர், நம்மைப்போல் வகுப்பறையில் நின்றவர்.

இணைய நிறுவனங்களிடம் வருவோம். 2002-இல் சிங்கப்பூரினின்று வந்த கடலடி வடம் கரையேறியது சென்னையில். 2020-இல் அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் வடம் புறப்பட்டதும் சென்னைக் கரையிலிருந்தே. உலகத்துச் செய்தி நம் கடற்கரை வழியாக வந்துபோகிறது. ஆனால் தாம்பரத்துத் தெருவில் அதனை விற்பவன் தரும் கட்டணச் சீட்டில் தமிழ் இல்லை, குறுஞ்செய்தியில் தமிழ் இல்லை. அவன் தரும் பெட்டியின்மேல் விலையும் எடையும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தாற் போதும் என்பது நடுவணரசின் 2011-ஆம் ஆண்டுப் பொதிபொருள் நெறிமுறை. பிறமொழியைக் கூடுதலாகச் சேர்க்க அந்நெறிமுறை தடைசெய்யவில்லை. கேட்பாரில்லாமையால் சேர்ப்பாரில்லை. கடைப்பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடம் பெறவேண்டும் என்னும் நெறிமுறை தமிழ்நாட்டில் உண்டு. பலகைக்கு உள்ள அந்நெறிமுறையைப் படிவத்துக்கும் கட்டணச் சீட்டுக்கும் விரிக்கத் தமிழ்நாட்டரசு ஏன் தயங்குகிறது? தமிழகத்தில் இணைப்பு விற்போன் எவனாயினும், தமிழெழுத்திற் பெயரையும் முகவரியையும் ஏற்றாக வேண்டும் என்று கேட்பது பேராசையா? அந்த ஒற்றை வரியைத் திருத்த ஒரு நிரலாளனுக்கு ஒரு பிற்பகல் போதுமே!

என் இணைப்பு பதினொரு நாள் தாழ்த்து வந்தது. தமிழிற் கையொப்பமிட்டுத் தாளில் எழுதிக் கொடுத்ததை, அலுவலகத்தில் யாரோ ஆங்கில எழுத்துக்கு மாற்றி ஏற்றியிருக்கின்றனர். என் பெயரிலுள்ள ழகரம் லகரமாகிவிட்டது. திங்கள்தோறும் அப்பெயருக்கே கட்டணச் சீட்டு வருகிறது. பணத்தைக் கட்டிவிட்டு, 'இப்பெயரினர் இவ்வீட்டில் இல்லை' என்று தமிழில் எழுதிச் சீட்டைத் திருப்பி விடுத்து வருகிறேன். இத்திங்கள் விடுத்தது நான்காம் மடல்.