கூலியில்லா வேலை பயிற்சி ஆகுமா?

பல்கலைக்கழகப் படிப்பை முடிக்குந் தறுவாயில் நிற்கும் எம் இளைஞர்க்கு இன்று புதுவகை அழைப்பொன்று வருகின்றது. அண்மையில் தொடங்கிய கணினிக் கம்பனியொன்று, "ஆறு மாதம் எம்மிடம் பயிலலாம், சம்பளம் இல்லை, அனுபவம் உண்டு" என்கின்றது. ஏற்பதா, மறுப்பதா? பிள்ளையோடு பெற்றோரும் தடுமாறுகின்றனர்.

சம்பளமில்லாப் பயிற்சி யாவும் சுரண்டலே என நாம் கூறவரவில்லை. 1947ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. புகையிரத வண்டியின் தடையை இயக்கும் தொழிலை ஏழெட்டு நாள் பழகியோர்க்குக் கூலி உண்டா என்பதே கேள்வி. பழகுவோரால் கம்பனிக்கு உடனடி இலாபமில்லை. சிலவேளை அதன் வேலைக்கு இடையூறே நேர்ந்தது. ஆதலாற் கூலி இல்லையென நீதிமன்றம் தீர்த்தது. சினிமாக் கம்பனியொன்றில் ஊதியமின்றி உழைத்தோர் தொடுத்த வழக்கில், 2015இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றமும் "பெரும்பயன் யாருக்கு?" என்பதையே அளவுகோலாக்கியது. 2018இல் அந்நாட்டுத் தொழிற் திணைக்களமும் அதனை ஏற்றது.

அது அந்நாட்டுச் சட்டம். ஆயினும் அவ்வளவுகோல் நமக்கும் உதவும். கற்பிக்க ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட்டுள்ளாரா? காலவெல்லை எழுத்தில் உண்டா? செய்த வேலையைத் தன் பெயரால் எடுத்துக்காட்ட உரிமை உண்டா? மூன்றுக்கும் "ஆம்" என விடை வரின், சில கிழமைகளைக் கொடுப்பதில் நட்டமில்லை. பிள்ளை ஒருநாள் வராவிடின் கம்பனியின் வேலை நின்றுவிடுமாயின், அது பயிற்சியன்று, உழைப்பு. உழைப்புக்குக் கூலி கேட்பது பேராசையன்று. பின்னர் பங்கு தருவோம் எனும் வாய்ச்சொல், எழுத்தில் வராதவரை, காசாகாது.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. சம்பளமில்லாப் பிள்ளையின் அறைவாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் யாரோ ஒருவர் கட்டுகின்றார். வெங்காயம் விற்ற காசைக் கொழும்புக்கு அனுப்பும் கமக்காரத் தந்தையே உண்மையில் அக்கம்பனிக்கு முதல் போடுகின்றார். பங்கோ வட்டியோ அவருக்கில்லை. அதற்கும் வழியற்ற வீட்டுப் பிள்ளைக்கோ வாசலே அடைபடுகின்றது. திறமைக்குத் திறக்கவேண்டிய கதவு பணத்துக்குத் திறக்கின்றது.

புதுத்தொழில் தொடங்குவோரை நாம் வெறுக்கவில்லை, அவர்கள் வளரவேண்டும். முழுச் சம்பளம் கொடுக்க இயலாதெனின் பயணச் செலவும் உணவுச் செலவுமாவது கொடுக்கட்டும். இளைஞரே, கேட்கக் கூசாதீர்! விதைநெல்லை இரவல் கேட்பவனிடம், அறுவடையில் எமக்கென்ன என்று கேட்பது கமக்காரன் வழக்கம். உங்கள் இளமையும் விதைநெல்லே.