மெலிவதற்கு மாத்திரையா?

அமெரிக்காவில் கேரன் கார்ப்பெண்டர் என்ற பாடகி இருந்தார். பேரும் புகழும் பெற்றவர். ஆனால், உடம்பு பெருத்துவிடுமோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டைக் குறைத்தார். பேதி மாத்திரைகளை ஏராளமாக விழுங்கினார். தைராய்டு மாத்திரையும் தின்றார். இதயம் பழுதடைந்தது. 1983-ம் ஆண்டு, 32 வயதில் மாண்டு போனார்!

இது பிடிவாதம் அல்ல, நோய். இந்த நோய்க்குப் போதை ஒரு கூட்டாளி. பசியை அடக்கச் சிலர் சிகரெட் பிடிக்கிறார்கள். அளவில்லாமல் தின்றுவிட்டு, அந்த வெட்கத்தை மறக்கச் சிலர் குடிக்கிறார்கள்.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று 2003-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சாப்பாட்டு நோய் உள்ளவர்களில் பாதிப் பேர் வரை மது அல்லது போதைப் பொருளுக்கு ஆளாகிறார்கள் என்று அது கூறியது. பொதுமக்களிலோ 100-க்கு 9 பேர்தான்!

ஆகவே, குடியை மட்டும் நிறுத்தினால் போதாது. சாப்பாட்டு நோய் உள்ளே இருந்தால், மறுபடியும் குடியில் கொண்டுபோய் விடும். இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும்.

பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

சாப்பிடாத பெண்ணை, "உனக்குக் கொழுப்பு" என்று ஏசக்கூடாது. குடிக்கும் மகனை அடிக்கக்கூடாது. திட்டினால் நோய் ஒளிந்துகொள்ளும். டாக்டரிடம் கூட்டிப் போகவேண்டும். சாப்பாடு, மாத்திரை, மது எதையும் மறைக்கக்கூடாது.

டாக்டரிடம் போகத் தயக்கமா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது மத்திய அரசின் மனநல உதவி எண். காசு கிடையாது. தமிழிலும் பேசலாம்.

மானம் பெரிதுதான். பிள்ளையின் உயிர் அதைவிடப் பெரிது!