மடியில் கனமில்லை என்றாலும்...

"தப்பு செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும்?"

சொஸ்மா சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி இதுதான். கேட்பதற்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் 2019 அக்டோபர் இதற்கு வேறு பதில் சொல்கிறது.

அந்த மாதம் 10, 12ஆம் தேதிகளில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற பேரில் 12 பேர் கைதானார்கள். அவர்களில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். அக்டோபர் 27 தீபாவளி. 12 குடும்பங்களிலும் அன்று ஒருவர் வீட்டில் இல்லை. மாதக் கடைசியில் குற்றம் சாட்டப்பட்டது. ஜாமீன் கிடையாது. 2020 பிப்ரவரியில், குற்றத்தை நிரூபிக்கும் வாய்ப்பு இல்லை என்று கூறி, சட்டத்துறைத் தலைவரே எல்லா வழக்குகளையும் மீட்டுக்கொண்டார். கைதுக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையே நான்கு மாதங்களுக்கும் மேல்.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். கனம் இருக்கிறதா என்று பார்க்க நீதிபதி இல்லாத வழியில் அந்தப் பழமொழி செல்லாது.

நமது அரசமைப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. சொஸ்மாவின்கீழ் போலீஸ் 28 நாள் வரை தடுத்து வைக்கலாம். குற்றம் சாட்டப்பட்ட பிறகும், சிறார், பெண்கள், நோயாளிகள் தவிர மற்றவர்களுக்கு ஜாமீன் இல்லை. விசாரணை நடக்கும். ஆனால் அது முடியும்வரை சிறைதான். தீர்ப்புக்கு முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2016 ஜூன் 28 அன்று பூச்சோங்கில் ஒரு கேளிக்கை மையத்தில் கையெறி குண்டு வெடித்து 8 பேர் காயமடைந்தார்கள். குண்டு வெடிக்கும்வரை காத்திருந்து ஆதாரம் சேர்க்க முடியாது. உளவுத் தகவலை உடனே நீதிமன்றத்தில் பகிரங்கமாக வைத்தால், தகவல் தந்தவரின் உயிருக்கே ஆபத்து வரலாம். போலீசின் இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அவகாசம் கொடுப்பது வேறு, கண்காணிப்பே இல்லாமல் கொடுப்பது வேறு. உளவுத் தகவலை மூடிய அறையில் ஒரு நீதிபதி பார்க்கலாம். ஒவ்வொரு வாரமும் காவலை நீட்டிக்கக் காரணம் கேட்கலாம். ஆபத்தானவருக்கு ஜாமீன் மறுக்கவும் அவருக்குத் தெரியும். 2019 நவம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: ஜாமீன் தருவதா, மறுப்பதா என்பது நீதிமன்றத்தின் வேலை, அதை நாடாளுமன்றம் பறிக்க முடியாது.

இன்னொன்றையும் வரலாறு காட்டுகிறது. 1960இல் இசா சட்டம் வந்தது கம்யூனிஸ்ட் பயங்கரவாதத்தைக் காட்டித்தான். 1987இல் அதே சட்டம் எதிர்க்கட்சித் தலைவர்கள், சமூக ஆர்வலர்கள் உட்பட 106 பேரை உள்ளே வைத்தது. 2007இல் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவரைக் கமுந்திங்குக்கு அனுப்பியது. 2012இல் இசா போய் சொஸ்மா வந்தது. இன்று குண்டர் கும்பல் வழக்குகளுக்கும் அதுவே பயன்படுகிறது. கணவன் எப்போது வருவான் என்று தெரியாமல், பிள்ளைகளோடு சிறைவாசலில் நிற்கும் பெண்களில் நம்மவர்களும் உண்டு. அவர்களின் கணவன்மார் எல்லாரும் நிரபராதிகள் என்று நான் சொல்லவில்லை. யார் குற்றவாளி என்று இன்னும் யாருமே சொல்லவில்லை என்பதுதான் சிக்கல்.

பொதுப் பாதுகாப்புக்காக ஒருவரின் சுதந்திரத்தை எடுத்துக்கொள்கிறோம் என்றால், தவறு நேரும்போது விலை கொடுக்க வேண்டியதும் பொதுமக்களாகிய நாம்தான். இப்போது அந்த விலையை, போன வேலையிலும் கட்டாத வீட்டுக் கடனிலும், ஒரு குடும்பம் மட்டுமே கொடுக்கிறது. இழப்பீடு கேட்பதென்றால் அவர்களே வழக்குப் போட வேண்டும்.

28 நாள் அதிகாரம் நிரந்தரமானதல்ல. 2022 மார்ச்சில் மக்களவை அதை நீட்டிக்க 84க்கு 86 என்ற வாக்கில் மறுத்தது. ஜூலையில் மீண்டும் கொண்டுவந்து 5 ஆண்டு நீட்டித்தார்கள். ஆக, 2027இல் மறுபடி முடிவெடுக்க வேண்டும். இரண்டே வாக்கில் ஒருமுறை மாறிய விஷயம் இது. உங்கள் தொகுதி உறுப்பினர் அன்று எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.