மந்திரி மாறினால் போதாது, சட்டம் மாறவேண்டும்!

தோட்டத்தில் துரை மாறியதை நம்மவர் எத்தனையோ முறை கண்டவர்கள். பழைய துரை போவார், புதிய துரை வருவார். பெரட்டில் நிற்கும் தொழிலாளிக்கு எழும் கேள்வி ஒன்றே: கிராணி தன் இஷ்டப்படி அரைப்பேர் போடும் வழக்கம் நிற்குமா, நிற்காதா? அதே கேள்வியை நாட்டை ஆள்பவர்களிடமும் கேட்கிறோம். ஆட்சி மாறியபின் விசாரணையற்ற காவல் நின்றதா?

2018-ம் ஆண்டு மே 9-ந் தேதி, சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக மலேசியாவில் ஆளுங்கூட்டணி தோற்றது. வென்ற பக்காத்தான் ஹராப்பான், சொஸ்மா சட்டத்தின் கொடிய பிரிவுகளை நீக்குவதாக வாக்களித்திருந்தது. நடந்தது என்ன? 2019 அக்டோபரில் அதே சட்டத்தின் கீழ் 12 பேர் கைதானார்கள். விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்பது குற்றச்சாட்டு. அந்த இயக்கமோ 2009 மே மாதமே போர்க்களத்தில் முறியடிக்கப்பட்டது. கைதானவர்களில் இருவர் ஆளுங்கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள்! சட்டத்தை விட்டுவைத்தவர்களின் வீட்டுக்கே அது வந்து கதவைத் தட்டியது.

2012-ல் எழுதப்பட்ட அந்தச் சட்டம் போலீசாருக்கு 28 நாள் காவல் அதிகாரம் தந்தது. குற்றம் சாட்டப்பட்டபின் பிணை கேட்டால், 13-வது பிரிவு குறுக்கே நின்றது. 18 வயதுக்குட்பட்டோர், பெண்கள், நோயாளிகள் தவிர மற்றவர்க்குப் பிணை இல்லை என்றது. நீதிபதி விரும்பினாலும் கைகட்டி நிற்க வேண்டும்!

இதை எதிர்த்து வழக்குப் போனது. 2019 நவம்பர் 29-ந் தேதி கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், 13-வது பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பிணை தருவதா மறுப்பதா என்று முடிவு செய்வது நீதிபதியின் வேலை. அதைச் சட்டமன்றம் பறிக்கலாகாது. 2020 பெப்ரவரி 21-ந் தேதி 12 பேர் மீதான வழக்குகளையும் அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் கைவிட்டார். கைது நாள் முதல் அன்றுவரை நான்கு மாதங்களுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த நாட்களுக்குப் பேர் போட்டுக் கூலி தருபவர் யார்?

“நாட்டின் பாதுகாப்பு முக்கியமல்லவா?” என்று கேட்பார்கள். முக்கியந்தான். ஆதாரம் இருந்தால் நீதிபதியின் முன் வையுங்கள், யார் தடுத்தது? ஆதாரம் இல்லாமல் அடைத்துவைப்பது பாதுகாப்பு ஆகாது. அரசியல் சாசனத்தின் 5-வது விதி, கைதானவருக்குக் காரணம் சொல்லவேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விடவேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தவேண்டும் என்கிறது. சட்டவிரோதக் காவல் என்று முறையீடு வந்தால் உயர்நீதிமன்றம் விசாரித்தே தீரவேண்டும் என்றும் கூறுகிறது. 149-வது விதியைக் காட்டி இந்தக் காப்புகளை மீறும் சட்டங்கள் இயற்றப்பட்டதே நம் வரலாறு.

அந்த வரலாறு தொழிலாளிக்குப் புதிதல்ல. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தபோது விசாரணையின்றி அடைக்கும் அதிகாரமும் வந்தது. தொழிற்சங்க இயக்கம் முதல் அடியை வாங்கியது. அவசரகாலம் 1960 ஜூலை 31-ல் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமுலுக்கு வந்தது! 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவர் அதே சட்டத்தில் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். நீதிமன்றம் திறக்காத கதவு, 2009 ஏப்ரலில் பிரதமர் மாறியதும் திறந்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் அவர்கள் வெளிவந்தார்கள். இதை நாம் வெற்றி என்று கொண்டாட முடியுமா? ஒரு பிரதமரின் மனம் கதவைத் திறக்கும் என்றால், இன்னொருவரின் மனம் அதை மூடும். அது உரிமையல்ல, தயவு.

2022 மார்ச்சில் 28 நாள் காவலை நீட்டிக்கும் தீர்மானம் மக்களவையில் 86க்கு 84 என்று தோற்றது. அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள்.

ஆகவே, தோழர்களே, ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் எந்தக் கொடி என்று கேளாதீர்கள். கைதானவரை 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவாயா, பிணையை நீதிபதியின் கையில் விடுவாயா என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். வென்றபின் அந்த எழுத்தைக் காட்டிக் கேளுங்கள்!