பெட்டி ஆவணகம் ஆகாது

லிந்துலையில் நண்பர் ஒருவர் உள்ளங்கையளவு உலோக உறை ஒன்றைக் காட்டினார். அதனுள் எஸ்.எஸ்.டி. தோட்டத்துப் பழைய செக்ரோல் ஏடுகள், பிறப்புச் சான்றிதழ்கள், தொழிற்சங்கக் கடிதங்கள் யாவற்றையும் படமெடுத்து அதில் ஏற்றியிருந்தார். "இனிக் காகிதத்தை எறிந்துவிடலாம்" என்றார்.

எறியலாகாது என்பதே என் வாதம்.

சுழலும் தட்டு இல்லாததால் எஸ்.எஸ்.டி. அதிர்ச்சியைத் தாங்கும், உண்மைதான். ஆனால் அது தரவை மின்னேற்றமாகவே காக்கிறது. மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அந்த ஏற்றம் கசியக்கூடும். உறையோ வெறும் இணைப்புக் கருவி; அது எதையும் காப்பதில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தமைக்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்குச் சான்று கேட்டது. காட்டக் காகிதமின்றி நாடற்றவரானோர் எத்தனை பேர்! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் என்றென்றைக்குமாக அழிந்தன. இவ்விரண்டையும் அறிந்த நாம் ஒற்றைப் பெட்டியை நம்பலாமா?

மூன்று படிகள் வேண்டும். இருவகை ஊடகங்களில் வேண்டும். ஒன்றேனும் வேறூரில் இருக்கவேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் போன்ற பொது எண்ணிம ஆவணகத்திற்கும், பகிரத்தக்கவற்றின் ஒரு படி செல்லட்டும். பெட்டியைச் சில மாதங்களுக்கொருமுறை கணினியில் பொருத்திக் கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

காகிதமும் இருக்கட்டும், நண்பரே. அதைப் படிக்கக் கண் போதும்.