மின்சாரக் காவற்காரன்

காவிரியின் கடைமடையாகிய கீழ்வேளூர் வட்டாரத்தில் நெல்லே வாழ்வு. விளைந்த நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி அரிசியாக்கும் நவீன ஆலைகளில், மோட்டார்களை எப்பொழுது ஓட்டுவது, எப்பொழுது நிறுத்துவது என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவிகளே தீர்மானிக்கின்றன. அவற்றிற்குரிய மின்னழுத்தக் காவலை இடையூறென்று எண்ணி விலக்கிவிடுவாரும் உளர். அது பெருந்தவறு என்பதே எம் கருத்து.

அக்காவல் இயங்கும் முறையை நோக்குவோம். 230 வோல்ட் மாறுமின்சாரம் முதலில் 24 வோல்ட் நேர்மின்சாரமாக்கப்படுகின்றது. அதிலிருந்து கருவியின் மூளைக்கு வேண்டிய 5 வோல்ட் பெறப்படுகின்றது. மின்சாரம் அறவே அற்றால் அம்மூளை வாளா நின்றுவிடும். அரைகுறையாய்க் குறைந்தாலோ, நில்லாது பிழை செய்யும். கணக்கைப் பிறழ எழுதும். நிறுத்தவேண்டிய மோட்டாரை ஓட்டவுங்கூடும். ஆதலின், மாறாத அளவுடைய மின்னழுத்தம் ஒன்றை வைத்துக்கொண்டு, வரும் மின்னழுத்தத்தை அதனோடு ஓயாது ஒப்பிடும் சுற்றொன்று அமைக்கப்படுகின்றது. 5 வோல்ட் ஏறத்தாழ 4.6 வோல்ட்டாகத் தாழ்ந்தவுடன் அது மூளையை நிறுத்திவைக்கும். மின்னழுத்தம் எல்லையைக் கடந்து மேலேறி, சிறிது நேரம் நிலைத்த பின்னரே விடுவிக்கும். இன்றேல், ஊசலாடும் மின்சாரத்தால் கருவி நின்று நின்று ஓடுமன்றோ?

மோட்டாருக்கும் இத்தகைய காவலுண்டு. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றுப்போனால், ஓடும் மோட்டார் அதே பளுவை இழுப்பதற்கு எஞ்சிய இரு முனைகளிலும் ஏறத்தாழ 1.7 மடங்கு மின்னோட்டத்தை வாங்கும், காயில் எரிந்துபோம். அதைத் தடுப்பதே ‘பிரிவென்டர்’ எனும் கருவி. 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயலில் லட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அத்தகைய அழிவுக்குப்பின் புதிதாகக் கம்பி இழுக்கையில் முனைகளின் வரிசை மாறினால் மோட்டார் எதிர்த்திசையிற் சுழலும். முனை வரிசையை நோக்கும் காவல் அதனையும் தடுக்கும்.

“ஊறிய நெல் காத்திருக்குமா? ஆலை நின்றால் நட்டத்தை யார் தருவார்?” என்று கேட்பாருளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் காவலை நீக்கியதனால் மின்சாரம் சீர்பட்டதுண்டோ? மோட்டார் எரிந்தால் ஒருமணி நேர நிறுத்தம் பல நாள் நிறுத்தமாகும், கூலியாள் வேலையிழப்பார், நெல்லும் கெடும். காரணமின்றி அடிக்கடி நிற்கும் காவலாயின், அதன் எல்லையைத் தேர்ந்தவரைக்கொண்டு திருத்துக. மின்சாரமே குறையுடையதாயின், காவல் எத்தனைமுறை, எந்நேரத்தில் தடுத்தது என்பதைக் குறித்துவைத்து மின்வாரியத்தாரிடம் காட்டுக. வெறும் முறையீட்டினும் அக்குறிப்பு வலியது.

எக்காளம் ஊதி எச்சரித்த காவற்காரன்மேற் குற்றமில்லை. கேட்டும் பொருட்படுத்தாதவனே பொறுப்பாளி என்பது எசேக்கியேல் தீர்க்கதரிசி உணர்த்தும் நீதி. ஆலையிலுள்ள சிறு காவற்காரனும் தன் கடனைச் செய்தேவிடுகின்றான். அவன் வாயை அடைப்பதை விடுத்து, அவன் அறிவிக்கும் குறையைத் தீர்க்க முயல்வதே நமது கடன்.