உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறதா?

"உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது."

சிவகாசியில் காலை நேரத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத தெரு இல்லை. திருத்தங்கலில் கேட்கலாம். சாத்தூரில் கேட்கலாம். விருதுநகர்ப் பருப்பு மண்டியில் மூட்டை தூக்குகிறவரும் இதையேதான் சொல்கிறார்.

சொன்னதும் என்ன பதில் கிடைக்கிறது?

"ஒரு டீ குடி, சரியாகிவிடும்" என்பார்கள். இல்லாவிட்டால் "சோம்பேறித்தனம்" என்பார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால், "வயதாகிறதல்லவா?" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

மூன்றும் தவறு.

ஒரு நாள் அலுப்பு ஒரு நாள் தூக்கத்தில் போய்விடும். தூங்கி எழுந்த பிறகும் போகாத அலுப்பு வேறு. அது வாரக் கணக்கில் நீடிக்கும். மாதக் கணக்கில் நீடிக்கும். வேலையைக் கண்டால் வெறுப்பு வரும். பிள்ளை ஏதாவது கேட்டால் எரிச்சல் வரும். பத்து வருடமாகச் செய்து பழகிய வேலையிலேயே கை தடுமாறும்.

1974-ம் ஆண்டில் பிராய்டன்பர்கர் என்ற அமெரிக்க மனநல அறிஞர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். "எரிந்து தீர்ந்துபோதல்" என்பது அதன் பொருள். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இதை விளக்கி எழுதியது. இது தனி நோய் இல்லையாம். வேலையில் ஏற்படும் நெருக்கடி நெடுநாள் தணியாமல் இருந்தால் இந்த நிலை வருமாம்.

எரிந்து தீர்வது என்றால் என்ன என்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை!

அலுத்த கை

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை குறைந்த கரிசல் காடு இது. வெள்ளாமையை நம்பிக் காலம் தள்ள முடியாத பூமி. இங்கே தொழில் வேர் பிடித்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று ஊர் வளர்ந்தது. அந்த வளர்ச்சியில் பெண்களின் விரல் வேகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பல வேலைகளுக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. இத்தனை குழாய் உருட்டினால் இவ்வளவு. இத்தனை பெட்டி ஒட்டினால் இவ்வளவு. கை ஓடினால் காசு. கை நின்றால் காசும் நின்றுவிடும். ஆகையால் யாரும் கையை நிறுத்துவதில்லை.

தையல் கடையில் அலுத்த கை தவறினால் துணி கோணலாகப் போகும். வேறு துணி வெட்டிக்கொள்ளலாம். பட்டாசு அறையில் அலுத்த கை தவறினால் என்ன ஆகும்? மருந்துக்கு உராய்வு ஆகாது. இடிக்கக் கூடாது. இழுக்கக் கூடாது. தட்டு நழுவக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லாரும் கற்கிற பாடம் இது. கண் சொருகும்போது அந்தப் பாடம் நினைவில் நிற்குமா?

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தை இந்த வட்டாரம் மறக்காது. 30-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்திலும் பல உயிர்கள் போயின. இந்த விபத்துகளுக்கு அலுப்புதான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. விதியைச் சுவரில் எழுதி வைக்கலாம். அதைக் கடைப்பிடிக்க வேண்டியது கண்ணும் கையும். தீபாவளி நெருங்க நெருங்க வேலை கூடுகிறது, தூக்கம் குறைகிறது. சரக்கு குவிவதும் அதே நாட்களில்தான்.

முதலில் ரத்தம்

சரி, என்ன செய்வது? டானிக் பாட்டில் வாங்குவதா?

வேண்டாம். முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தத்தைச் சோதியுங்கள். அங்கே காசு கேட்க மாட்டார்கள்.

2019 முதல் 2021 வரை தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருப்பது அதில் தெரிந்தது. பாதிக்கு மேல்! ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று ஒரு சத்து உண்டு. உடம்பு முழுவதும் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் வேலை அதனுடையது. பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவளைப் பார்த்து, "மனதைத் தைரியமாக வைத்துக்கொள்" என்று சொல்லி என்ன பயன்? மனதில் கோளாறு இல்லையே!

இரும்புச் சத்து மாத்திரையைச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிறார்கள். வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் பலர். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. இந்த மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும். பயம் வேண்டாம். வயிறு சங்கடம் செய்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். வழி சொல்வார்.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள் ஆகியவற்றில் இரும்புச் சத்து இருக்கிறது. கூடவே ஒரு நெல்லிக்காய் தின்றால் அந்தச் சத்து உடம்பில் நன்றாக ஏறும். எலுமிச்சம்பழச் சாறும் அப்படியே. ஆனால் சோறு உண்ட கையோடு டீ குடித்தால் சத்து ஏறாது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள்.

ரத்தம் சரியாக இருந்தால் சர்க்கரையும் தைராய்டும் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும். சிலருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனாலும் ஆறு மாதத்துக்கு மேல் அலுப்பு போகாது. ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தால் மறுநாள் படுக்கையில் தள்ளிவிடும். அது தனி நோய். அவர்களை "எழுந்து நட, ஓடு" என்று விரட்டினால் நோய் கூடும்.

யார் முதலில் எழுவது?

நோய் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அலுப்பு மட்டும் போகவில்லை. இங்கேதான் வீட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆலை வண்டி காலை 7 மணிக்குத் தெருமுனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் தண்ணீர் பிடிக்க வேண்டும். சோறும் குழம்பும் ஆக வேண்டும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். 4 மணிக்கு எழுந்தால்தான் முடியும். மாலையில் வீடு திரும்ப 6 மணி. மறுபடியும் அடுப்பு. பிறகு பாத்திரம். பிறகு துணி. டி.வி. நாடகம் முடிய 10 மணி. செல்போனைக் கையில் எடுத்தால் 11 மணி.

தூக்கம் 5 மணி நேரம். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் தேவை. தினம் 2 மணி நேரம் கடன். வாரத்துக்கு 14 மணி நேரம். மகளிர் குழுக் கடனை வாரம் தவறாமல் கட்டுகிற பெண், இந்தக் கடனை மட்டும் கட்டுவதே இல்லை.

எங்கிருந்து கட்டுவது? செல்போனிலிருந்து ஒரு மணி நேரம் எடுக்கலாம். இன்னொரு மணி நேரத்தைக் கணவர் தர வேண்டும்.

ஆம், கணவர்தான். அம்மா 4 மணிக்கு எழுகிறாள். அப்பா 6 மணி வரை தூங்குகிறார். இருவரும் ஒரே மாதிரி வேலைக்குப் போகிறவர்கள். இது என்ன நியாயம்? தண்ணீர் பிடித்தால் கௌரவம் குறைந்துவிடாது. பாத்திரம் துலக்கினாலும் குறையாது. கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்குச் சமைக்கிற தவசிப்பிள்ளைக்கு மீசை இல்லையா? மகனையும் இப்போதே பழக்குங்கள். வேலை என்றால் மகளை மட்டும் கூப்பிடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். வெயிலுகந்த அம்மன் என்று தெய்வத்துக்கே பெயர் வைத்து வணங்கும் ஊர் விருதுநகர். அப்படிப்பட்ட வெயில்! வெக்கையில் வேலை செய்கிறவர்கள் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பெண்கள் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே என்ற சங்கடம். நீர் வற்றினால் தலை வலிக்கும், கண் இருட்டும், எரிச்சல் கூடும். மோரும் நீராகாரமும் நல்லது. மாலை 4 மணிக்கு மேல் டீயை விட்டுவிடுங்கள். இரவில் தூக்கம் வரும்.

அலுப்புத் தீரக் குவாட்டர் அடிக்கிறேன் என்கிறார்களே, அவர்களுக்கு ஒரு சேதி. குடித்தால் கண் மூடும், தூக்கம் கெடும். பாதி ராத்திரியில் விழிப்பு வரும். மறுநாள் அலுப்பு இன்னும் கூடியிருக்கும்.

கவலையால் தூக்கம் வராதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். சர்க்கார் ஏற்பாடு அது. தமிழிலேயே பேசலாம்.

முதலாளிக்கு ஒரு வார்த்தை

தொழிலாளி முருங்கைக்கீரை தின்றால் மட்டும் போதுமா? போதாது.

இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-ல் சென்னையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். எட்டு மணி நேர வேலை என்பது மே தினத்தின் கோரிக்கை. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 5 மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது. மே தினத்தன்று மசோதா வாபஸ் ஆயிற்று. வாபஸ் ஆனது நல்லதே. வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லியிருக்கின்றன.

"தீபாவளி முடிந்தால் ஆலைக்கு லீவுதானே, அப்போது ஓய்வு எடுக்கட்டுமே" என்று சிலர் கேட்கலாம். கூலி இல்லாத லீவு ஓய்வு ஆகாது. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை. அந்தத் தீபாவளிக்குப் பின் ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் நிம்மதியாகவா தூங்கினார்கள்? வட்டிக்காரரின் சைக்கிள் மணிச் சத்தத்துக்கே விழித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்!

ஆகவே ஓய்வு வேலை நாளுக்குள்ளேயே வேண்டும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். அந்த நேரத்துக்கும் கூலியில் கணக்கு உண்டு என்று முதலாளி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எண்ணிக்கைக் கூலிக்காரர் எழுந்திருக்கவே மாட்டார். நடக்கும் தூரத்தில் தண்ணீர்ப் பானையும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும்.

இன்னொன்று. மருந்து அறையில் இருக்கும் ஒரு பெண், "இன்று எனக்கு முடியவில்லை, கண் சொருகுகிறது" என்று சொன்னால், போர்மேன் அவளை உடனே வெளியே அனுப்ப வேண்டும். மறுநாளும் அவளுக்கு அதே இடத்தில் வேலை இருக்க வேண்டும். தீபாவளி ஆர்டர் குவிவதற்கு முன்னால், ஒவ்வோர் ஆலையிலும் போர்மேன் இதைத் தம் வாயாலேயே எல்லாருக்கும் சொல்லிவிடட்டும்.